சர்க்கரை வளையத்துக்குள் சோப்பின் வால்

மகனே, இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தாலும் உன் காதுக்குத் தேன்மொழியின் குரலில்தான் வரும் என்று எனக்குத் தெரியும். நீ தமிழில் பேசுவாய், சண்டை போடுவாய், தூக்கத்தில் உளறவும் செய்வாய். வாசிக்க மட்டும் வராது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயில் வகுப்புக்கு உன்னைக் குளிப்பாட்டி, முகத்துக்குத் தனக்கா மரப்பட்டைக் குழம்பு பூசி அனுப்பினேன். நீ முன்வாசலில் நுழைந்து பின்வாசல் வழியாகப் பந்து விளையாடப் போனாய். அதன் பலனை இப்போது உன் பெண்டாட்டி அனுபவிக்கிறாள். தேன்மொழி, தொண்டை வறண்டால் நடுவில் தண்ணீர் குடித்துக்கொள் அம்மா. வாத்தியார் வேலை பார்த்தவள் எழுத்து, சுருங்கச் சொல்ல வராது. பர்மியத்திலேயே எழுதியிருக்கலாமே, அவனே வாசித்திருப்பானே என்று நீ கேட்கலாம். அப்படி எழுதினால் உனக்குத் தெரியாமல் உன் புருஷனோடு தனியாகப் பேசியதாக ஆகிவிடும். நான் சொல்ல வந்த விஷயம் உங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தது.

கல்யாணம் முடிந்து நீங்கள் ரங்கூனுக்கு வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனீர்கள். விமான நிலையத்தில், மகனே, நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பர்மியர்கள் கூப்பிடுகிற மாதிரி, “அமே, தனியா இருந்துக்குவீங்கள்ல?” என்று கேட்டாய். “எனக்கென்னடா, மகாராணி மாதிரி இருப்பேன்” என்றேன். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். சிங்கப்பூருக்கு வந்து எங்களோடு இருங்கள் என்று நீ கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வருவேன் என்று நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து என்னையறியாமல் மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டேன். அந்தச் சோற்றை மறுநாளும் நானேதான் தின்றேன். நீ கொடியில் போட்டுவிட்டுப் போன துண்டு காய்ந்து விறைத்துவிட்டது, இன்னும் எடுக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வீடு என்னைத் தின்கிறது. நம் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் சத்தத்துக்கா பஞ்சம்? ரயில் கத்துகிறது, பஸ் நடத்துனர் கத்துகிறார், கீழ் வீட்டில் தொலைக்காட்சி கத்துகிறது. ஒன்றுகூட என்னைப் பார்த்துக் கத்தவில்லை, அதுதான் சங்கடம்.

தேன்மொழி, இந்த ஊரில் ‘ஆனாடே’ என்று ஒரு வார்த்தை உண்டு. அடுத்தவருக்குச் சிரமம் கொடுத்துவிடுவோமோ என்று மனசு கூசுவதற்கு அப்படிப் பெயர். பசி வயிற்றைக் கிள்ளும். இப்போதுதான் சாப்பிட்டேன் என்போம். காய்ச்சல் அடிக்கும், சும்மா அசதி என்போம். எங்கள் தாத்தா ரயில் பாதை போட வந்த காலத்தில் இந்த வார்த்தை நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்காது. இப்போது பர்மாக்காரர்களைவிட எங்களுக்கு நன்றாக வருகிறது. உன் புருஷன் பிறந்ததிலிருந்து அதைக் குடித்து வளர்ந்தவன். நான் இந்த வீட்டையும் ஊரையும் விட மாட்டேன், கூப்பிட்டால் மறுக்க முடியாமல் தவிப்பேன் என்று அவன் நினைத்திருப்பான். புதுசாகக் குடித்தனம் தொடங்குகிற பிள்ளைகள் நடுவில் நான் ஏன் போய் உட்கார வேண்டும் என்று நான் நினைத்தேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றி மரியாதை செய்துகொண்டோம். விமானம் போய்விட்டது.

நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் அடுக்களையில் தேன்மொழி என்னிடம், “அத்தை, நீங்க எதுல ஆராய்ச்சி பண்ணீங்க?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, “அதுவா, ஏதோ சோப்பு, சர்க்கரைன்னு சொல்லுவாங்க” என்றாய். கோபப்படவில்லை, சுருக்கென்றது, அவ்வளவுதான். அவளும் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், பாவம், எனக்குத்தான் அடுப்பில் மீன் தீய்ந்துகொண்டிருந்தது. அதனால் இப்போது சொல்கிறேன். மாவுச்சத்தை ஒருவகை நுண்ணுயிரின் நொதி வெட்டும்போது, சர்க்கரைத் துண்டுகள் சில சமயம் நேர்ச் சங்கிலியாக இல்லாமல் ஒன்றின் வாலை ஒன்று பிடித்து வளையமாகிவிடும். என்னுடையது ஏழு சர்க்கரை சேர்ந்த வளையம். வெளிப்பக்கம் தண்ணீரோடு நன்றாகப் பழகும். உள்பக்கக் குழி அவ்வளவாகப் பழகாது. சோப்பு மூலக்கூறுக்குத் தலை ஒன்று, நீள வால் ஒன்று. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு ஆகாது. அதனால்தான் சோப்பு தண்ணீரின் மேற்பரப்புக்கு ஓடி, வாலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தண்ணீரில் சர்க்கரை வளையத்தைப் போட்டால், வால் போய் வளையத்துக்குள் நுழைந்துகொள்ளும். எவ்வளவு சோப்பு நுழைந்தது, எவ்வளவு வெளியே நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

இந்த வளையத் தூள் ரங்கூனில் எங்கும் கிடைக்காது. என் சயாமா, அதாவது என்னை வழிநடத்திய பேராசிரியை டோ மியா, வெளிநாட்டிலிருந்து வந்துபோன ஒருவரிடம் கேட்டு வாங்கிய ஒரு சின்னக் குப்பி மட்டும் இருந்தது. எண்பத்தெட்டில் மாணவர் போராட்டத்தை அடக்க அரசாங்கம் கல்லூரிகளை மூடியபோது என் அளவைகள் பாதியில் நின்றன. திறப்பார்கள் திறப்பார்கள் என்று பார்த்தோம், திறக்கவில்லை. சயாமா அந்தக் குப்பியை என் கையில் கொடுத்து, வீட்டிலேயே செய்து முடி என்றார். உனக்கு அப்போது ஐந்து வயது. மின்சாரம் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை; ஆகவே மின்சாரம் வேண்டாத ஒரு முறையை எடுத்துக்கொண்டேன். குறிப்பிட்ட அளவு தண்ணீரை நுனி தேய்த்த கண்ணாடிக் குழாய் வழியாகச் சொட்டவிட்டு, எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ண வேண்டும். சோப்பு மேற்பரப்பில் இருந்தால் சொட்டு சின்னதாகும், எண்ணிக்கை கூடும். வளையம் சோப்பைப் பிடித்துக்கொண்டால் சொட்டு மறுபடியும் பெரிதாகும், எண்ணிக்கை குறையும். சுத்தமான தண்ணீருக்கு எங்கே போவது? கார் பாட்டரிக்கு ஊற்ற விற்பார்களே, அந்தக் கடையில் வாங்கி, நானே இன்னொரு முறை காய்ச்சி வடித்துக்கொண்டேன்.

எண்ணியது உன் அப்பா. இன்சீன் ரயில் பணிமனையில் நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் வந்து இறங்கி, கை கால் கழுவி, லொஞ்ஜியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்களையில் சம்மணம் போட்டு உட்காருவார். நான் குழாயின் கோடுகளைப் பார்ப்பேன், அவர் சொட்டு எண்ணுவார். நம் வீட்டிலிருந்து தண்டவாளம் எவ்வளவு பக்கம் என்று உனக்குத் தெரியும். வண்டி போனால் தரை அதிரும், பழுக்காத சொட்டு முன்னாலேயே விழுந்துவிடும், கணக்கு நாசம். அவருக்கோ தூரத்துச் சத்தத்திலேயே எந்த வண்டி என்று தெரியும். “இந்தா, நிறுத்து நிறுத்து, பெகூ வண்டி வருது” என்பார். வண்டி போய் அதிர்ச்சி அடங்கும்வரை காத்திருப்போம். அந்த நேரத்தில்தான் பணிமனை வம்பு, உன் குறும்பு, அரிசி, மழை, எல்லாம் பேசுவோம். எங்கள் தாம்பத்தியத்தில் நாங்கள் நிறையப் பேசியது ரயில் போகும்போதுதான். ஒரு நாள் அவர், “ஏம்மா, இந்தச் சோப்புக்கு அந்த வளையத்து மேல அவ்வளவு ஆசையா?” என்று கேட்டார். ஆசையெல்லாம் ஒன்றுமில்லை என்று சொன்னேன். மாணவர்கள் வாய்மொழித் தேர்வில் எப்போதும் தப்பாகச் சொல்லும் இடம் அது. வாலுக்குத் தண்ணீரில் இருக்க முடியவில்லை. வளையத்தின் குழிக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீருக்கும் அங்கே இருக்க முடியவில்லை. அது வெளியே போகிறது, இது உள்ளே வருகிறது. “அட, பயந்து ஓடி வர்றதுதானா” என்றார் உன் அப்பா, கொஞ்சம் ஏமாற்றமாக.

அடுத்து வந்த திஞ்சானுக்குத்தான் நான் அந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்தேன். தேன்மொழி, இங்கே புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவில் சின்னவர்கள் பெரியவர்களுக்குத் தலை கழுவிவிடுவார்கள். தயோ மரப்பட்டையையும் கின்புன்னையும், அதாவது நம் சீயக்காயையும், சேர்த்து வேகவைத்த தண்ணீரில் கழுவுவது வழக்கம். சயாமாவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, இன்சீனில் தனி வீடு. நான்தான் கழுவிவிடுவதாகச் சொல்லியிருந்தேன். கடைத்தெருவில் கட்டுக் கட்டாகக் கின்புன் கிடக்கிறது. நான் வாங்குவேனா? வேதியியல்காரியாயிற்றே! என் கையாலேயே தலைக்குப் போடும் சோப்புத் திரவம் செய்து கொண்டுபோவதாகத் தீர்மானித்தேன். கிடைத்த எண்ணெயோ பழசு, செய்த திரவத்தில் மீன்கூடை நாற்றம். இந்தச் சர்க்கரை வளையங்கள் வாசனையையும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன் அல்லவா? குப்பியில் மிச்சமிருந்த தூள் முழுவதையும் திரவத்தில் கொட்டிக் கலக்கினேன்.

சயாமா வீட்டு முற்றத்தில் அவரை முக்காலியில் உட்காரவைத்துத் தலையில் தேய்த்தேன். நுரை பொங்கி வந்தது. நாற்றமும் பொங்கி வந்தது. உன் அப்பா நீர்க்குடத்தோடு மெல்லப் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். நீ மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாய். சயாமா கண்ணை மூடியபடியே, பர்மியத்தில், வகுப்பில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

“இதுல என்னத்தைப் போட்டே?”

“வளையத் தூள், சயாமா.”

“எதுக்கு?”

“நாத்தத்தைப் பிடிக்கறதுக்கு.”

“சோப்பு எவ்வளவு இருக்கு, நாத்தம் எவ்வளவு இருக்கு? இருக்கிற நாலு வளையத்துல யாரு போயி உக்காருவாங்க?”

“சோப்பு, சயாமா.”

“அப்ப நாத்தம்?”

“வெளியதான் நிக்கும், சயாமா.”

“நீ பாஸ்” என்றார், தலையெல்லாம் நுரையோடு. பிறகு சிரிக்க ஆரம்பித்தார், முக்காலியே ஆடியது. அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சோப்பின் வால் வளையத்துக்குள் போகும் என்பதே என் ஆராய்ச்சி. பரண் முழுக்க அதைப் பற்றிக் காகிதம் வைத்திருப்பவள், சோப்புக்குள்ளேயே வளையத்தைக் கொட்டிவிட்டு, அது நாற்றத்துக்காகக் காத்திருக்கும் என்று நம்பியிருக்கிறேன். இந்தத் தப்பைப் படிக்காதவர் செய்ய முடியாது. கடைசியில் பக்கத்து வீட்டில் கின்புன் தண்ணீர் வாங்கி மறுபடியும் கழுவினோம். நாற்றம் நாலு நாள் போகவில்லையாம். குப்பி காலி. கல்லூரி திறந்த பிறகு, இருந்த அளவைகளை வைத்து ஒல்லியாக ஒரு ஆய்வேடு எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கினேன்.

அந்தத் திஞ்சானை அடுத்து வந்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் சயாமா நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். குடை மடங்கியிருந்தது, கையில் துணிப்பை. உன் அளவைகளைப் பார்க்க வந்தேன் என்றார். காகிதங்களை எடுத்துக் கொடுத்தேன்; ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் குடித்தார். மழை விட்டது, கிளம்பவில்லை. உன் அப்பா வேலை முடிந்து வந்து, கை கழுவி, அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்போது சயாமா காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்: “எனக்கு அந்த வீட்டுல தனியா இருக்க முடியல. இங்க இருந்துக்கட்டுமா?” வகுப்பில் எத்தனை பேரை நடுங்கவைத்த பேராசிரியை கேட்கிற கேள்வி அது. உன் அப்பா எழுந்துபோய் அந்தப் பையை எடுத்து உள்ளே வைத்தார். “விடியக்காலம் வண்டிச் சத்தத்துல தூக்கம் கெடும், சயாமா. பரவாயில்லையா?” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

முன்னறையில் கொசுவலைக்குள் உட்கார்ந்து உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த கிழவி உனக்கு நினைவிருக்கும். நம் வீட்டில் ஏன் இருந்தார் என்று நீ கேட்டதில்லை. நான்தான் ஒருமுறை அவரைக் கேட்டேன், இவ்வளவு பிரியத்தை வைத்துக்கொண்டு ஏன் முன்னாலேயே வரவில்லை என்று. “பிரியம் என்னைக் கொண்டுவரல. தனியா இருக்க முடியாமத்தான் வந்தேன். பிரியமெல்லாம் இங்க வந்த பிறகு வந்தது” என்றார். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது நீங்கள் போன பிறகு, அவர் எவ்வளவு நேர்மையாகப் பேசியிருக்கிறார் என்று தெரிகிறது. கடைசி வரை நம்மோடுதான் இருந்தார். நம் வீட்டில்தான் கண்ணை மூடினார். அவர் இருந்ததால் நமக்கு இடம் குறைந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

உன் அப்பா போனபோது நீ பத்தாம் வகுப்பு. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம், அவருக்கு எதற்குத் தொந்தரவு என்று, இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சயாமாவின் பையை அவ்வளவு சுலபமாக வாங்கி வைத்த மனுஷனுக்குத் தன் வலியை நீட்டத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எனக்கு நீ இருந்தாய், கல்லூரி இருந்தது. ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்த கல்லூரிக்கு இரண்டு பஸ் மாறிப் போய், பிள்ளைகளுக்கு அதே வாலையும் வளையத்தையும் சொல்லிக் கொடுத்தேன். அந்த வேலையும் முடிந்தது. நீயும் சிங்கப்பூர் போனாய். வாரம் ஒருமுறை இண்டர்நெட் கடையில் உட்கார்ந்து, கோடு கோடாக உடைந்து தெரியும் உன் முகத்தைப் பார்த்து, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறேன். அதைச் சொல்ல நான் ஏன் முகத்துக்குத் தனக்கா பூசிக்கொண்டு போகிறேன் என்று தெரியவில்லை.

அம்மா கடிதம் என்றால் புத்திமதி இருக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். தேன்மொழி ஒன்றுமில்லை என்று சொன்னால், அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு தூங்கப் போகாதே, பக்கத்தில் உட்கார். உனக்கு ஒன்று வேண்டுமென்றால் கேள். அவள் திருச்சிக்காரி; கேட்டால் கொடுப்பாள், இல்லையென்றால் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வாள். அவளிடம் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான். நம் வீட்டு மரியாதையை அவளுக்குக் கற்றுக்கொடுத்துக் கெடுத்துவிடாதே.

தேன்மொழி, இனி எழுதப்போவது உனக்கு. அது உன் வீடு, ஆகவே உன்னைத்தான் முதலில் கேட்க வேண்டும். இனி வருவதை உனக்குள்ளேயே வாசித்துப் பார். மனசுக்குச் சரிப்படவில்லை என்றால், கடிதம் மேலே அந்தப் புத்திமதியோடு முடிந்துவிட்டது என்று அவனிடம் சொல்லிவிடு. அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நான் ஒருநாளும் அவனிடம் கேட்க மாட்டேன். உன் மேல் எள்ளளவும் வருத்தம் வராது.

மேலே எழுதியதைத் திருப்பி வாசித்துப் பார்த்தேன். எவ்வளவு அழகாக, எவ்வளவு பணிவாக மறுபடியும் அதே ஆனாடேயைச் செய்திருக்கிறேன் பார்! கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும், உன் மாமியாரை நீ தெரிந்துகொள். ஆனால் அதில் சொன்னபடி செய்யாதே. ஒன்றையும் விடாதே, தேன்மொழி. அவனை எதிரில் உட்காரவைத்து, அவன் காதில் விழும்படி உரக்க வாசி. அவன் கேட்கட்டும், நீயும் கேள், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து முடியும் என்றோ முடியாது என்றோ சொல்லுங்கள்.

மகனே, எனக்கு இங்கே தனியாக இருக்க முடியவில்லை. நான் வரட்டுமா?